பதினாலு குழியும் பதினொரு கேள்வியும்

"அண்ணை, இந்தமுறை சித்திரை மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை தாருங்கோ. பங்குனி முதற்கிழமைக்குள்ள வேணும். நாலு பக்கத்துக்கு மேல போகாதேங்கோ" என்று எமது சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். சோழர் கடற்படை பற்றியும் யாழ்ப்பாண அரசர் பற்றியும் எழுத என்னிலும் தகுதியானவர்கள் ஒஸ்லோவில் பலர் இருக்கிறார்கள். எனக்குச் சொந்தமாகத் தெரிந்த சரித்திரம் ஒன்றே ஒன்றுதான். ஒரு விளையாட்டைப் பற்றி ஒரு சின்னச் சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதி அனுப்பப்போய், அது அச்சில் வர ஒன்றரை வருடம் எடுத்த சரித்திரம். இடையிலே வைக்கிங்குகளும் வருவார்கள், என் அம்மாவும் வருவா. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சம்பளமில்லாத சஞ்சிகை என்பது எங்கள் ஆட்களுக்குப் புதிய சங்கதி அல்ல. ஒஸ்லோவிலிருந்து 'சுவடுகள்' வந்துகொண்டிருந்தது. பெண்கள் சஞ்சிகையாகச் 'சக்தி' வந்தது. ஜெர்மனியில் 'தூண்டில்', சுவிசில் 'மனிதம்', பாரிசில் 'ஓசை', ஒல்லாந்தில் 'அ ஆ இ' என்று அந்த நாட்களில் ஐரோப்பாவின் மூலைமுடுக்கெல்லாம் ஒன்று இருந்தது. பகலில் துப்பரவு வேலையும் கோப்பை கழுவும் வேலையும் செய்தவர்கள் இரவில் குந்தியிருந்து கட்டுரை எழுதினார்கள், வெட்டி ஒட்டினார்கள், போட்டோக்கொப்பி எடுத்தார்கள், முத்திரை நக்கி ஒட்டினார்கள். அவற்றில் பலவற்றை இன்று 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். பார்த்தால் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். ஒரு பக்கத்தில் உலக அரசியல், அடுத்த பக்கத்தில் இடம் நிரப்ப ஒரு துணுக்கு.

நான் 1987இல் இந்த நாட்டுக்கு வந்தவன். வடக்கே பின்மார்க்கில் மூன்று வருடம் மீன் வெட்டிவிட்டு 1990இல் ஒஸ்லோவுக்கு இறங்கினேன். மாலையில் போக ஓரிடம் வேணுமே என்று ஒரு சதுரங்கக் கழகத்தில் சேர்ந்தேன். சதுரங்கத்துக்கு மொழி தேவையில்லை, அதுதான் காரணம். அங்கே ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். தாய மாதிரி, டாம் மாதிரி பலகை விளையாட்டுக்களுக்கென்றே அவரும் நண்பர்கள் சிலருமாக ஒரு சஞ்சிகை நடத்தினார்கள். எல்லாம் டுக்னாட். ஒருவர் படம் கீறுவார், ஒருவர் எழுத்துப் பிழை பார்ப்பார், எல்லாருமாகச் சேர்ந்து ஒரு சனிக்கிழமை கோப்பி குடித்துக்கொண்டு மடித்து ஊசி அடிப்பார்கள்.

"உங்கள் ஊர் விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதித் தாருங்கள்" என்றார் அவர். நான் உடனே சதுரங்கம் இந்தியாவில் பிறந்த கதையை எடுத்தேன். கையை அசைத்து மறித்தார். "அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். உங்கள் வீட்டில் என்ன விளையாடினீர்கள்?" என்று கேட்டார்.

வீட்டில் என்றால் பல்லாங்குழிதான். அம்மாவும் பெரியம்மாவும் பின்னேரங்களில் திண்ணையில் இருந்து விளையாடுவினம். முதிரை மரத்தில் குடைந்த பலகை, பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி. புளியங்கொட்டை குழிக்கு ஐந்து. நாங்கள் பொடியங்கள் வாய் பார்ப்பம். அதைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர் ஒரு தாளைத் தந்தார். கட்டுரை அனுப்புவோர் கவனிக்க வேண்டியவை என்று தலைப்பு. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும், வரிக்கு வரி இடைவெளி விட வேண்டும், படம் தனித்தாளில், பணம் கிடையாது, வந்தால் இரண்டு பிரதி இலவசம். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: விதியை வாசித்த ஒருவர், வேறு யாரிடமும் கேட்காமல் விளையாடக்கூடியதாக எழுத வேண்டும்.

1995 ஆவணியில் மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். திண்ணை, வேப்பங்காற்று, புளியங்கொட்டைச் சத்தம் எல்லாம் இருந்தது. இரண்டு கிழமையில் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் பதினொரு கேள்வி. கையிலிருந்த கொட்டை முடிந்தபின் அடுத்த குழி வெறுமையாக இருந்தால் என்ன நடக்கும்? குழியைத் துடைத்து அதற்கடுத்த குழியை அள்ளுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் செயலுக்குப் பெயர் என்ன? நாலு சேர்ந்தால் 'பசு' என்கிறீர்கள், எதிராளியின் குழியில் சேர்ந்தால் பசு யாருக்கு? முதல் ஆட்டத்தில் ஒருவருக்கு 28 கொட்டைதான் மிஞ்சியது என்றால், ஐந்து குழி நிரப்பி மூன்று மிஞ்சுமே, அந்த மூன்றை என்ன செய்வது? யார் தொடங்குவது? ஆட்டம் எப்போது முடியும்?

வாசிக்க வாசிக்க எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருடம் பக்கத்தில் இருந்து பார்த்த விளையாட்டு. ஒரு கேள்விக்கும் நிச்சயமான பதில் என்னிடம் இல்லை. மனிசியிடம் கேட்டால் அவவின் ஊரில் வேறு மாதிரி. ஒஸ்லோவில் தெரிந்த நாலு குடும்பத்துக்குப் போன் பண்ணினால் நாலு பதில். அம்மாவிடமே கேட்போம் என்று கடிதம் எழுதினேன்.

அந்தக் கடிதம் போய்ச் சேருமுன்னம் ஊரே கிளம்பிவிட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் ஒரே இரவில் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்ததை இந்த மலரின் வாசகர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. பலருடைய பெற்றோர் அந்த வரிசையில் நின்றவர்கள்தான். மாசக்கணக்காக அம்மாவின் சத்தம் இல்லை. சஞ்சிகைப் பெரியவருக்கு நிலைமையைச் சொன்னேன். "கட்டுரை காத்திருக்கும். அம்மா எப்படி என்று தெரிந்தவுடன் எனக்கும் சொல்லுங்கள்" என்றார்.

காத்திருந்த அந்த மாரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிக்டோயில் உள்ள வைக்கிங் கப்பல் காட்சிச்சாலைக்குப் போகத் தொடங்கினேன். (2022இல் அதைப் பெருப்பித்துக் கட்டுவதற்காக மூடினார்கள். அதற்கு முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு நினைவிருக்கும்.) கொக்ஸ்டாட் கப்பல் 1880இல் சாண்டெபியோர்ட் பக்கத்தில் ஒரு மேட்டைத் தோண்டி எடுக்கப்பட்டது. ஆயிரத்து நூறு வருடப் பழசு. எல்லாரும் கப்பலை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் தேடிப்போனது அதற்குள் கிடந்த ஒரு உடைந்த பலகைத் துண்டை. இறந்த தலைவனோடு விளையாட்டுப் பலகையையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். மறுமையிலும் பொழுது போகவேணுமே.

அந்தப் பலகையின் ஒரு பக்கத்தில் உள்ள கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரம் கீறி விளையாடும் ஆட்டத்துக்குரியவை. நோர்வேஜியர் 'மொல்லெ' என்பார்கள், அரைக்கும் ஆலை என்று அர்த்தம். கிட்டத்தட்ட அதே கோட்டை மிகிந்தலையில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், சிங்களத்தில் 'நெரெஞ்சி' என்பது பெயர். இதை எழுதி வைத்தவர் ஹென்றி பார்க்கர் என்ற வெள்ளைக்காரர். இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளம் கட்டும் வேலை பார்த்தவர். 1909இல் வெளியிட்ட 'பழைய இலங்கை' பற்றிய தன் புத்தகத்தில் கிராமத்து விளையாட்டுக்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார். கல்லில் உள்ள கோட்டின் காலம் பற்றி அவர் சொன்னதைப் பின்வந்தவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அது கிடக்கட்டும். குளக்கட்டில் நின்று கணக்குப் பார்த்த மனுசன், நிழலில் இருந்து பெண்டுகள் என்ன விளையாடுகினம் என்றும் பார்த்து எழுதினாரே, அதுதான் பெரிய விஷயம். சிங்கள ஆட்கள் பதினாலு குழி ஆட்டத்தைக் குன்றிமணி போட்டு விளையாடுவார்கள். குன்றிமணிக்கு அவர்களுடைய பேர் 'ஒலிந்த', ஆட்டத்தின் பேரும் அதுவே. சித்திரை வருடப்பிறப்புக்கு அவர்களும் இதையேதான் எடுத்து வைக்கிறார்கள்.

பலகையின் மற்றப் பக்கம் வைக்கிங்குகள் பெரிதாக மதித்த 'ஹ்னெஃபாதாஃபல்' என்ற ஆட்டத்துக்குரியது என்கிறார்கள். நடுவிலே அரசன், சுற்றிக் காவலர், நாலு பக்கமும் எதிரிகள். அரசன் தப்ப வேணும், எதிரிகள் மறிக்க வேணும். எங்கட ஆடுபுலி மாதிரி, இரண்டு பக்கத்துக்கும் சமபலம் இல்லாத ஆட்டம். நோர்வேயில் பிறந்து ஓர்க்னித் தீவுகளை ஆண்ட ரொக்ன்வால்ட் என்ற பிரபு தனக்கு ஒன்பது வித்தை தெரியும் என்று பாட்டுக் கட்டியபோது முதலாவதாகச் சொன்னது பலகை ஆட்டத்தைத்தான். பழைய கதைகளில் இதை வைத்து விடுகதைகூட உண்டு. ஆனால் எப்படி விளையாடுவது என்று ஒருவரும் எழுதவில்லை! எல்லாருக்கும் தெரிந்த ஆட்டத்துக்கு எதற்கு விதி என்று விட்டிருப்பார்கள். பிறகு சதுரங்கம் வந்தது. பழைய ஆட்டம் தெற்கே மெல்ல மெல்ல அழிந்தது.

அது முழுக்க அழியாமல் தப்பியது ஒரு தற்செயல். 1732இல் சுவீடன் நாட்டுத் தாவரவியல் மாணவன் ஒருவன், வயது 25, செடிகொடி தேடி வடக்கே லாப்லாந்துக்குக் குதிரையில் போனான். கார்ல் லின்னேயஸ். பின்னாளில் உலகத்து மரஞ்செடிக்கெல்லாம் இரட்டைப் பேர் வைத்தாரே, அவரேதான். அங்கே சாமி இன மக்கள் ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் 'தாப்லுட்' என்ற ஆட்டத்தை விளையாடக் கண்டார். அரசனும் எட்டுக் காவலரும், எதிரே பதினாறு பேர். நாட்குறிப்பில் படம் கீறி, லத்தீனில் விதியையும் குறித்துக்கொண்டார். பூக்களுக்கு நடுவே இரண்டொரு பக்கம். இந்த ஆட்டக் குடும்பத்துக்கு விதி என்று சொல்லத்தக்கதாக நம்மிடம் உள்ள மிக முக்கியமான சாட்சி அந்தப் பக்கங்கள்தான். நான் மூன்று வருடம் பின்மார்க்கில் சாமி மக்களோடு ஒரே மேசையில் மீன் வெட்டியவன், இது ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இதிலும் ஒரு கோளாறு நடந்தது. 1811இல் அந்த நாட்குறிப்பு ஆங்கிலத்தில் வந்தபோது விதியின் மொழிபெயர்ப்புப் பிசகிவிட்டது. அரசனைப் பிடிக்க நாலு பக்கமும் மறிக்க வேணுமா, சில இடங்களில் இரண்டு பக்கம் போதுமா என்பதிலே சிக்கல். பிசகிய விதிப்படி விளையாடினால் அரசன் பக்கமே வெல்லும். பிறகு வந்தவர்கள் விதியைத் திருத்தித் திருத்திப் பார்த்தார்கள், பழைய லத்தீனைத் திரும்ப எடுத்து வாசிக்கும்வரை.

இதையெல்லாம் உலகத்துக்குக் கூட்டிச் சொன்னவர் எச். ஜே. ஆர். மறே என்ற ஆங்கிலேயர். 1913இல் சதுரங்கத்தின் சரித்திரமும், 1952இல் மற்றப் பலகை ஆட்டங்களின் சரித்திரமும் எழுதினார். டைக்மன் நூலகத்தில் கேட்டு எடுப்பித்து அகராதியும் கையுமாக வாசித்தேன். பார்க்கர் எழுதிய இலங்கை ஆட்டங்கள் அதிலே வருகின்றன. இந்த மறேயின் தகப்பனார்தான் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மறே. அந்த அகராதிக்கும் ஊர் ஊராக இருந்த ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் துண்டுத் தாளில் வசனங்களை எழுதித் தபாலில் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து குவிந்த துண்டுகளை அடுக்கிக் கொடுத்துக் கைச்செலவுக்குக் காசு வாங்கியவர்கள் அவருடைய பிள்ளைகள். சின்ன வயதிலேயே மகனுக்குப் பழகிய வேலை, ஆரோ எழுதி அனுப்பியதைக் கவனமாக அடுக்கி வைப்பது.

1996 சித்திரை கழிந்து அம்மாவின் கடிதம் வந்தது. தென்மராட்சியில் எழுதி, கொழும்புக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துத் தபாலில் போட்டது. கொப்பித் தாள் நாலு, இரண்டு பக்கமும் எழுத்து. முதல் பக்கம் முழுக்க ஆர் எங்கே இருக்கினம், ஆர் இல்லை என்ற விபரம். பலகை வீட்டோடு விடுபட்டுப் போச்சுது. அதற்குக் கீழே இப்படி எழுதியிருந்தா: "இஞ்ச நாங்கள் சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கிறம், நீ பல்லாங்குழி கேட்டு எழுதியிருக்கிறாய் தம்பி. முதல் கோபம் வந்தது. பிறகு பெரியம்மாவும் நானும் பள்ளிக்கூட முற்றத்தில மண்ணில பதினாலு குழி கிண்டி, நீ கேட்டதை ஒவ்வொண்டா விளையாடிப் பாத்தம். கொட்டைக்குப் பதிலா சரளைக்கல்லு. பிள்ளையள் சுத்தி நிண்டு பாத்துதுகள். இப்ப ஒவ்வொரு நாளும் அதுகள்தான் விளையாடுதுகள்."

அதன்பின் இலக்கம் போட்டுப் பதில். மூன்று மிஞ்சினால் மடியில் வைத்திரு. நிரப்ப முடியாத குழியில் ஈர்க்குத் துண்டு போடு, அந்த முறைக்கு அது செத்த குழி. எதிராளியின் குழியில் நாலு சேர்ந்தால், குழி ஆற்றயோ பசு அவையின்ர. யார் தொடங்குவது என்றதற்கு, "வீட்டுக்கு வந்த ஆள்தான் முதல். இது கூடவா தெரியாது?" ஆட்டம் எப்போது முடியும் என்றதற்கு, "விளக்கு வைக்கிற நேரம்." பெரியம்மா ஒத்துக்கொள்ளாத இடங்களில் பக்கத்தில் சின்னதாக 'அக்கா இப்பிடிச் சொல்லுறா' என்று வேறொரு விதி. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. வெறுங்குழியைத் துடைத்து அடுத்ததை அள்ளுவதற்கு என்ன பெயர் என்ற கேள்வி. "அதுக்கு ஒரு சொல்லு இருந்தது. உன்ர அம்மம்மா சொல்லுவா. நாக்கு நுனியில நிக்குது, வருகுதில்லை. வந்தா எழுதுறன்."

கட்டுரையைத் திரும்ப எழுதினேன். வேப்பங்காற்றைக் குறைத்தேன், பள்ளிக்கூட முற்றத்தைச் சேர்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் முடிவது விதியாகாது என்று சஞ்சிகைக்காரர் ஒருவர் வாதிட்டாராம். கோடைகாலத்தில் பின்மார்க்கில் சூரியன் மறையாதே, அப்போது ஆட்டம் முடியாதா என்று கேட்டிருக்கிறார்! நியாயமான கேள்வி. ஒருவரிடம் ஒரு குழி நிரப்பவும் கொட்டை இல்லாதபோது முடியும் என்று எழுதி, அம்மாவின் பதிலை அடுத்த வரியில் வைத்தோம்.

1997 தை மாதம் இதழ் வந்தது. என் பெயருக்குக் கீழே அம்மா, பெரியம்மா இருவரின் பெயரும் போட்டிருந்தார்கள். சந்தோஷம் ஒரு கிழமைதான் நின்றது. பசு விதி தலைகீழாக அச்சாகியிருந்தது. அவர்களில் பிழை இல்லை, பிழை என்னுடையது. நோர்வேஜிய மொழியில் 'சின்' என்றால் தன்னுடைய, 'ஹான்ஸ்' என்றால் மற்றவருடைய. மொழி வகுப்பில் எல்லாரும் சறுக்கி விழுந்த இடம், உங்களுக்கும் தெரியும். தமிழில் இந்த வித்தியாசம் தண்ணிபட்ட பாடு, ஆனால் அந்த மொழியில் எழுதும்போது கை தடுமாறிவிடுகிறது. ஒரே ஒரு சொல். குழிக்காரருக்குப் போக வேண்டிய பசு, கொட்டை போட்டவருக்குப் போய்விட்டது. லின்னேயசின் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து நான் சிரித்ததற்குக் கிடைத்த கூலி.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போட்டார்கள். அதற்குள் பெர்கனிலிருந்து ஓர் ஆசிரியையின் கடிதம்: வகுப்பில் முட்டைப் பெட்டியும் பட்டாணியும் வைத்து விளையாடுகிறோம், பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம் என்று. எந்த விதிப்படி என்று நான் கேட்டு எழுதவில்லை.

தமிழில் இதெல்லாம் எழுதப்படவே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று 1954இலேயே ஒரு புத்தகம் போட்டார். தொ. பரமசிவன் பல்லாங்குழியைத் தனிச்சொத்து உருவான கதையோடு சேர்த்துப் பார்த்து எழுதிய கட்டுரையும் பிற்பாடு கைக்கு வந்தது. வாசித்தபோது இப்படியும் பார்க்கலாமா என்று வியந்தேன். ஆனால் அது தமிழ்நாட்டுத் திண்ணை. எங்கட திண்ணையில் என்ன நடந்தது என்று எங்களுக்குத்தானே தெரியும். என் கட்டுரைக்கு ஒன்றரை வருடம் எடுத்ததைப் பற்றியும் இப்போது எனக்கு வெட்கமில்லை. 1990இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பழைய பலகை ஆட்டங்கள் பற்றிப் பேராசிரியர்கள் கூடிக் கட்டுரை வாசித்தார்கள். அவை புத்தகமாக வந்தது 2007இல்.

அம்மா 2009இல் போய்விட்டா. கடைசி வருடங்களில் ரெலிபோனில் கதைக்கும்போது எப்பவாவது கேட்பேன், அந்தச் சொல்லு வந்ததோ என்று. "இல்லையடா, இரு, யோசிக்கிறன்" என்பா. பெரியம்மா அவவுக்கு முந்தியே போய்விட்டா. பாவாணர் காலத்துப் புத்தகங்களிலும் ஊருக்கு ஊர் ஒவ்வொரு பேர் இருக்குமே தவிர, அம்மம்மாவின் வாயில் இருந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அச்சான கட்டுரையில் அந்த இடத்தில் பெயர் இல்லாமல் 'துடைத்து எடுத்தல்' என்று மட்டும் இருக்கிறது.

இந்த மலரை வாசிப்பவர்களில் வலிகாமம் மேற்குப் பக்கத்து ஆட்கள் இருப்பீர்கள். உங்கட வீட்டில் வயதான ஆட்கள் இருந்தால், வெறுங்குழியை விரலால் வழித்துவிட்டு அடுத்த குழியை அள்ளுறதுக்கு என்ன சொல்லுறது என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. புத்தாண்டு விழாவன்று மண்டப வாசலில் ரிக்கற் மேசையில் நான் இருப்பன். ஒரு துண்டில் எழுதித் தந்தால் போதும். ஊர்ப் பேரையும் போடுங்கோ.